தகரப் பெட்டிக் காகிதங்கள்

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மலைநாட்டில் பிறந்த நமக்கு ஏலம் என்றால் தேயிலை ஏலம்தான். கொழும்பில் அது 1883 முதல் நடக்கிறது. பழைய காகிதத்துக்கும் ஏலம் உண்டு. 1916இல் அயர்லாந்து எழுச்சியின்போது டப்ளினில் அவசர அவசரமாக அச்சிட்டுச் சுவர்களில் ஒட்டிய பிரகடனத் தாள் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், பெருந்தொகைக்குப் போகும். அச்செழுத்துக்கூடப் போதாமல் அடித்த தாள் அது! இலங்கை சம்பந்தப்பட்ட தாள்களும் வெளிநாட்டு ஏலங்களுக்கு வருகின்றன. துரைமாரின் புகைப்பட அல்பங்கள், தேயிலை விளம்பரங்கள், கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் போட்ட தபாலட்டைகள். அந்த அட்டையில் படம் பிடித்த கம்பனியின் பெயர் இருக்கும். கூடை சுமக்கும் பெண்ணின் பெயர் இருக்காது.

அவளுடைய பெயர் எழுதிய காகிதம் லயத்தில், தகரப் பெட்டிக்குள், சேலை மடிப்புக்கு அடியில் இருக்கிறது. ஒரே வகுப்பில் படித்த நாங்கள் ஆறு பேர் சில வருடங்களாகத் தேடிப் போவது அதைத்தான்.

எங்களில் மருத்துவர்களாக இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கிளினிக்கில்தான் தொற்றியது. தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமார் கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுவருவதில்லை. பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பாஸ்போர்ட், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் இருக்கும். "ஏன் பாட்டி இவ்வளவும்?" என்றால், "எந்த ஆபீசுல எதைக் கேப்பாங்களோ, யாருக்குத் தெரியும் டொக்டரம்மா?" என்பார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை தவணை. மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்து மலையில் வேலை செய்தவர் எதைக் காட்டுவார்? தோட்டத்து இடாப்பில் பெயர் இருந்ததா, அந்தப் பெயரும் பிறப்புச் சான்றிதழின் பெயரும் ஒன்றா என்று பார்த்தார்கள். ராமாயி ஒரு தாளில் ராமாயி, இன்னொரு தாளில் ராமி. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

அரிய காகிதம் என்றால் இன்னும் பழையவையும் உண்டு. 'துண்டு' என்ற சொல்லை நம் பாட்டன்மார் நடுங்கிக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள். தொழிலாளியின் கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல் ஒழிக்கப்பட்டது. 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' இருக்கிறது. கோ. நடேசய்யரின் பத்திரிகைகள், மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகளின் பிரசுரங்கள் இருக்கின்றன. சாரல்நாடன் போன்றவர்கள் தேடியிராவிட்டால் இவற்றின் பெயர்கூட நமக்கு எட்டியிருக்காது.

"விலை கொடுத்து வாங்குவீர்களா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் வாங்குவதில்லை. ஏலக்காரர் ஒரு கட்டைப் பிரித்துத்தான் விற்பார். முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுக்கு விலை கிடைக்கும். அதோடு இருந்த மண்டபம் முகாம் சீட்டும், கடிதமும், கடன் கணக்கும் குப்பைக்குப் போகும். ஒரு குடும்பத்தின் கதை அந்தக் கட்டு முழுவதிலும் அல்லவா இருக்கிறது? கோட்டையூர் ரோஜா முத்தையா நோட்டீஸ், அழைப்பிதழ்கூட விடாமல் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் 1994இல் மொத்தமாக வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியதால், அது பிரியாமல் இருக்கிறது.

ஆகவே மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். நாங்கள் படம் மட்டும் எடுக்கிறோம். வீட்டார் சம்மதித்தால் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். பொருளாகவே கொடுக்க விரும்புபவர்களுக்குக் கம்பளைப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. தோட்ட ஆஸ்பத்திரி இடாப்பு கிடைத்தால் மட்டும் வெளியிட மாட்டோம். யாருக்கு என்ன வியாதி என்பது ஊருக்கு உரியதல்ல.

தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் பழைய தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். நம்மூர்ப் பனியில் சுவரோரம் வைத்த பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைத் தாளுக்குள் வைத்தால் போதும். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். படத்தில் நிற்பவர் யார் என்று கேட்க, போன வருடம் நாங்கள் தேடிப் போன இரண்டு வீடுகளில் ஆள் இல்லை.

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அவர்களிடமும் கேளுங்கள். தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களின் குடும்ப அட்டை அங்கே இருக்கும். அண்ணன் தம்பியைப் பிரித்த அதே விண்ணப்பத்தின் நகல் இங்கே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படம் எடுத்தோம். இன்னும் நிறைய எடுக்க வேண்டும்.

இன்று மாலை 4 மணி வரை நூலக அறையில் கமெராவோடு இருப்போம். பையில் ஏதாவது கொண்டுவந்திருந்தால் எடுத்து வாருங்கள்.