வானத்தைப் பார்க்கிறவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்?
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைமையாசிரியை அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "சார், ரொம்ப நேரம் வேண்டாம், பிள்ளைங்களுக்குப் பசி வந்துடும்" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். ஆகவே ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் கிள்ளான் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, இப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் தகப்பனார் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், எம்மக வானவியல் படிக்கப் போறேன்னு சொல்லுது. நட்சத்திரம், கருந்துளைன்னு என்னென்னவோ பேசுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா வானத்தைப் பார்க்கிறவனுக்கு யாரு சார் சம்பளம் கொடுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லோரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற மனிதர் வேறு எதைக் கேட்பார்? மீன்கடைக்காரரும் என் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குத்தான் உடனே வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர் கேள்விக்கு விடை. சம்பளம் கொடுக்கிறார்கள், ஐயா. அதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயர். ஆய்வு உதவித்தொகை என்று தமிழில் சொல்லலாம். பட்டப்படிப்புக்கு நம் பிள்ளைகள் வாங்கும் பி.டி.பி.டி.என். பணத்தைப் போல இது கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. "நீ யோசி, கணக்குப் போடு, கண்டுபிடித்ததை எழுது; உன் சாப்பாட்டுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு பல்கலைக்கழகமோ அரசாங்கமோ சொல்வதுதான் ஃபெல்லோஷிப்.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிராணி வேலை பார்த்த இராமானுஜனுக்கு, 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு. கையில் பட்டம் இல்லை, கல்லூரித் தேர்வில் தோற்றவர். வேலை என்ன? கணக்குப் போடுவது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுப்பது. அவ்வளவுதான். 1918-இல் அவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார்.

இராமானுஜன் கணிதக்காரர். வானத்துக்கு வருவோம். சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910-இல் லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1930-இல் இந்திய அரசாங்கம் அவருக்குக் கேம்பிரிட்ஜில் படிக்க உபகாரச் சம்பளம் கொடுத்தது. அப்போது அவர் தாயார் நோயாளி. பிள்ளை போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. போகட்டும் என்று சொன்னது அந்தத் தாயார்தான். ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். மறு வருஷம் மே மாதம் தாயார் இறந்துபோனார். மகனால் வர முடியவில்லை. அவர் மறுபடி ஊர் மண்ணை மிதித்தது 1936-இல்தான். உதவித்தொகை என்றால் பணம் மட்டுமல்ல, இதுவும் அதில் சேர்ந்தது. பெற்றோர்களிடம் இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கப்பலில் 19 வயதுப் பையன் என்ன செய்தார் தெரியுமா? கணக்குப் போட்டார். மாணவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் எரிபொருளை எல்லாம் எரித்துத் தீர்த்த பிறகு சுருங்கி, பூமி அளவுக்குச் சிறுத்துவிடும். அதற்கு வெண்குள்ளன் என்று பெயர். எடை மட்டும் கனமாக இருக்கும். அப்படிச் சுருங்கிய நட்சத்திரம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று அவர் கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது என்று பிற்பாடு முடிவானது. அதற்கு மேலே போனால் நட்சத்திரம் வெண்குள்ளனாக நிற்க முடியாது. மேலும் மேலும் நொறுங்கி உள்ளே விழும். இன்று நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை என்றெல்லாம் நாம் பேசுவதற்குப் போகிற வழியில் அந்தக் கணக்கு நிற்கிறது.

1933-இல் உபகாரச் சம்பளம் தீர்ந்தது. டிரினிட்டி ஃபெல்லோஷிப்புக்கு மனுப் போட்டார். கிடைக்காது என்றே நினைத்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக ஏற்பாடெல்லாம் செய்துவிட்டார். புறப்பட்ட வழியில் எதற்கும் பார்ப்போமே என்று வண்டியை நிறுத்திப் பட்டியலைப் பார்த்தால், அதில் அவர் பெயர்! 1937 வரை, நான்கு ஆண்டுகளுக்கு. இராமானுஜனுக்குப் பிறகு அந்தக் கல்லூரியில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1935 ஜனவரி 11-ஆம் தேதி, லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் கணக்கைச் சொன்னார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அன்றைக்கு வானியலில் அவரை மிஞ்சிய பெயர் கிடையாது. அவர் அந்தக் கணக்கைக் கேலி செய்தார். சபை சிரித்தது. எடிங்டனும் அதே டிரினிட்டி கல்லூரிக்காரர்தான். 24 வயதுப் பையனை, பெரியவர் ஒருவர் ஊரறியத் தவறென்று சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் இப்படி நடந்தால் மறுநாள் வேலை இருக்குமா? சந்திரசேகருக்கு ஃபெல்லோஷிப் நிற்கவில்லை. அதன் பிறகும் பணம் வந்தது. இருவருக்குள்ளே நட்பும் முறியவில்லை. பெரியவர் சொன்னது சரியா, பையன் சொன்னது சரியா என்று காலம் பார்த்துச் சொல்லும்வரை பையனுக்குச் சோறு போடுகிற ஏற்பாடு அது. 1937-இல் அவர் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்திற்குப் போய்க் கடைசிவரை அங்கேயே இருந்தார். 1983-இல் நோபல் பரிசு. கப்பலில் கணக்குப் போட்டதிலிருந்து எண்ணினால் 53 வருஷம்!

"அவர்களெல்லாம் மேதைகள், அந்தக் காலம் வேறு" என்பீர்கள். சரி, நம் காலத்துக்கே வருகிறேன். கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், டெல்லியில் பள்ளி மாணவியாக இருந்தபோதே அங்குள்ள கோளரங்கத்துக்குப் போய்வந்து, கணினியில் வானத்தின் வரைபடம் போட்டவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தார். 1997-இல் அதே டிரினிட்டி கல்லூரி அவரை ஃபெல்லோ ஆக்கியது. வான் இயற்பியலில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆதி காலத்தில் சில கருந்துளைகள் பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சொல்லிவந்த கருத்து. 2023-இல் அதற்குச் சாதகமாக ஒரு சான்று கிடைத்தது. பெருவெடிப்புக்கு 47 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் மிகப் பெரிய கருந்துளை தென்பட்டது. அதைக் கண்ட தொலைநோக்கிகளில் ஒன்றின் பெயர் என்ன? சந்திரா! சந்திரசேகர் பெயரில் 1999-இல் விண்ணில் ஏவப்பட்டது. அந்தப் பெயரைப் போட்டியில் எழுதி அனுப்பியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பள்ளி மாணவர்.

மலேசியாவில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். டாக்டர் மஸ்லான் ஒத்மான். 1951-இல் சிரம்பானில் பிறந்தவர். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1981-இல் அங்கே இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார். திரும்பி வந்து நம் நாட்டின் முதல் வான் இயற்பியலாளராகத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். லேக் கார்டன் பக்கம் மேட்டில் நீலக் குவிமாடத்தோடு நிற்கிறதே தேசியக் கோளரங்கம், 1994-இல் திறந்தது, அதை உருவாக்கியவர் அவர்தான். பின்பு ஐக்கிய நாட்டுச் சபையின் விண்வெளி அலுவலகத்துக்கே இயக்குநராக இருந்தார்.

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால்தான் மீன்கடையில் எனக்கு வாய் வரவில்லை.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருவார்; வரும்போது விளக்கைக் கையில் தொங்கவிட்டபடியே விடிவெள்ளியைக் காட்டுவார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். 1977-இல் என் விரிவுரையாளர் ஒருவர் சொல்லி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மனுப் போட்டேன். பதில் வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். முதல் தாளிலேயே ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று போட்டிருந்தது. எங்கள் அப்பாவின் பல வருஷச் சம்பளம்! அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். கடிதத்தை மடித்துப் பிஸ்கட் டின்னில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. விரிவுரையாளரிடம் போய்க் கேட்கக் கூச்சம். காசில்லை என்று எப்படிச் சொல்வது? பதிலே எழுதவில்லை. கிள்ளானில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஆனேன்.

1994-இல் என் பழைய மாணவர் ஒருவர், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், விடுமுறைக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் அந்த டின்னைத் திறந்து கடிதத்தைக் காட்டினேன். அவர் இரண்டாவது தாளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், உங்ககிட்ட அவங்க காசு கேட்கலை. கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணிட்டு, மாசாமாசம் உங்களுக்குச் சம்பளம் தர்றதா எழுதியிருக்காங்க" என்றார்.

எனக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. அந்தத் தாளை நானும் வாசித்தேன். உதவி ஆசிரியர் பணி என்று இருந்தது; எப்போதோ, யாருக்கோ கிடைக்கிற வேலை என்று நினைத்தேன். சொற்கள் தெரிந்தன. சொற்களுக்குப் பின்னால் இருந்த வழக்கம் தெரியவில்லை. அந்த வழக்கம் தெரிந்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ எங்கள் வரிசை வீடுகளில் இல்லை. ஆசிரியர் வேலையில் எனக்குக் குறையில்லை, நல்ல மாணவர்களைக் கண்டேன். ஆனாலும் அந்த ராத்திரி தூங்கவில்லை.

ஆகவே அந்த வழக்கத்தை மட்டும் இங்கே சொல்லி விடுகிறேன். அமெரிக்காவில் இயற்பியல், வானியல் துறைகளில் டாக்டர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளிவிட்டுச் சம்பளமும் கொடுப்பார்கள்; பதிலுக்குப் பாடம் நடத்த உதவ வேண்டும், அல்லது ஆய்வில் வேலை செய்ய வேண்டும். இத்தாலியில் திரியெஸ்தே என்ற ஊரில் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய அனைத்துலக இயற்பியல் மையம் இருக்கிறது. வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்கு அண்டவியல் உட்பட ஓராண்டு டிப்ளோமா நடத்துகிறார்கள், செலவும் அவர்களுடையது. சந்திரசேகர் ஏறிய கப்பல் நிறுவனமும் அந்த ஊருடையதுதான், பாருங்கள்! டாக்டர் பட்டம் முடித்த பிறகு வருவதுதான் அசல் ஃபெல்லோஷிப். 1990-இல் தொடங்கிய ஹப்பிள் ஃபெல்லோஷிப் மூன்று ஆண்டு வரை. எந்த நாட்டவரும் கேட்கலாம். பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் சந்திரசேகர் பெயரிலேயே ஒன்று கொடுக்கிறது. அவர்களுடைய பெரிய தொலைநோக்கி நம் தமிழ்நாட்டுக் காவலூரில்தான் நிற்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே மலாயாப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் வானொலி அலைகளைக் கொண்டு அண்டத்தை ஆராய்கிற கூடம் உண்டு. பேராசிரியருக்கு ஆய்வு நிதி கிடைத்தால் அதிலிருந்து மாணவருக்கு மாதத்தொகை கொடுப்பதும் உண்டு. கேட்டால்தான் தெரியும்.

சிரமத்தையும் சொல்ல வேண்டும். பட்டம், டாக்டர் பட்டம், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஃபெல்லோஷிப் என்று ஊர் ஊராய்ப் போக வேண்டியிருக்கும். முப்பது வயதைத் தாண்டியும் நிலையான வேலை கிடைக்காமல் போகலாம். கிடைக்காதவர்கள் கணக்கும் கணினியும் தெரிந்தவர்கள் என்பதால் வேறு வேலைக்குப் போகிறார்கள், பட்டினி கிடப்பதில்லை. பெண் பிள்ளைக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்கிற பாட்டிமார்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மாணவர்களே, உங்களுக்கு இப்போது வேண்டியது ஃபெல்லோஷிப் அல்ல. நான்காம் படிவத்துக்குப் போகும்போது இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கதவை மூடினால் பிறகு திறப்பது பெரும்பாடு.

அந்தத் தகப்பனார் இன்று பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்தேன். அவர் மகள் இன்று அறிவியல் பாடத்துக்குப் பரிசு வாங்கப் போகிறாள். பெற்றோர்களே, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் இப்பள்ளி நூலகத்தில் நான் இருப்பேன். மூத்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ கடிதம் வந்திருந்தால், புரிந்தாலும் சரி புரியாவிட்டாலும் சரி, கொண்டு வாருங்கள். முதல் தாளோடு நிறுத்தாமல் இரண்டாவது தாளையும் சேர்ந்து படிப்போம். என் மூக்குக்கண்ணாடியை மட்டும் நான் மறந்துவிட்டு வந்தால் யாராவது கோபிக்கக் கூடாது.