இறங்கும் ஊரில் என்ன காற்று?

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வைத்து விமானம் ஓட்டுபவர், போய் இறங்கும் ஊரைப் பற்றி ஐந்து விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசுகிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, மேகத்தின் அடி எந்த உயரத்தில் நிற்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு, எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறது என்பவையே அந்த ஐந்தும். முதல் நான்கும் வானத்தின் நிலை. ஐந்தாவது, பெரும்பாலும் காற்றைப் பார்த்து மனிதர் எடுக்கும் முடிவு. இவற்றைத் திரட்டுவது இன்று எளிது. திரட்டிய விவரம் எந்த நேரத்துக்கு உரியது, யார் தந்தது என்று பார்த்து, அதை எதுவரை நம்பலாம் என்று தீர்மானிப்பதில்தான் இந்தப் பயிற்சியின் நுட்பம் இருக்கிறது.

1982-ல் வெளிவந்த முதல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இந்தத் தேடலுக்கு வேலையே இல்லை. காற்றையும் மேகத்தையும் ஓட்டுபவரே எண்களாகத் தட்டி அமைத்துக்கொண்டார். இணையம் பரவிய பிறகு, உலகெங்கும் உள்ள விமான நிலையங்களின் அறிக்கைகளை இறக்கி அதன்படி வானத்தை வரையும் வசதி வந்தது. இன்று எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு தரும் தரவுகளைப் பயன்படுத்துகிறது. 2020-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இயங்கும் மீட்டியோபுளூ நிறுவனத்தின் கணிப்பு மாதிரியிலிருந்து வானிலையை எடுக்கிறது. ஆக்டிவ் ஸ்கை போன்ற துணை மென்பொருள்களும் உண்டு. வானத்தின் மூலம் எது என்பது பின்னர் ஒரு சிக்கலாகத் தலைகாட்டும்.

உண்மையான விமானிகள் பயன்படுத்தும் மூன்று வகைச் செய்திகளே வீட்டு விமானிக்கும் கிடைக்கின்றன. முதலாவது டாஃப் எனப்படும் முன்னறிவிப்பு. பெரிய நிலையங்களுக்கு இது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியாகி, 24 அல்லது 30 மணி நேரத்துக்குச் செல்லும். இரண்டாவது மெட்டார் எனப்படும் அறிக்கை. இது அந்த நேரத்தில் நிலையத்தில் கண்டதைச் சொல்வது. மணிக்கு ஒருமுறையோ, சென்னை போன்ற நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறையோ வெளிவரும். மூன்றாவது ஏடிஸ் எனப்படும் வானொலி ஒலிபரப்பு. வானிலையோடு எந்த ஓடுபாதை, எந்த முறையில் இறங்குவது என்பதையும் சேர்த்து இது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். புதுத் தகவல் வரும்போதெல்லாம் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று அடுத்த எழுத்தைப் பெறும். கட்டுப்பாட்டாளரை முதலில் அழைக்கும்போது விமானி அந்த எழுத்தைச் சொன்னால், அவரிடம் இருப்பது புதியதா பழையதா என்பது உடனே விளங்கிவிடும்.

பயண ஒழுங்கும் இந்த மூன்றையும் ஒட்டியே அமைகிறது. புறப்படும் முன் டாஃப், நடுவழியில் மெட்டார், கீழிறங்கத் தொடங்கும் முன் ஏடிஸ். ஜெட் விமானம் 36,000 அடியிலிருந்து இறங்க ஏறத்தாழ 110 கடல்மைல் தேவைப்படும். ஓடுபாதையைத் தேர்ந்து விமானத்தின் கணினியில் பதிவதும், தரையிறங்கும் வேகத்தைக் கணக்கிடுவதும் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

சென்னையை எடுத்துக்கொண்டால் இந்த ஒழுங்கின் காரணம் விளங்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாள், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணம். புறப்பாடு இந்திய நேரம் காலை ஒன்பதரை. அப்போது சென்னையின் மெட்டார் இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்: வி.ஓ.எம்.எம்., 150400 இசட், 26010 கே.டி., 6000, எஸ்.சி.டி. 020, 33/24, க்யூ 1004, நோசிக். முதல் நான்கு எழுத்துகள் சென்னையின் குறியீடு. அடுத்தது 15-ஆம் தேதி, உலகப் பொது நேரம் 4 மணி. இந்திய நேரத்தில் ஒன்பதரை. காற்று 260 பாகையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, 10 நாட் வேகத்தில் வீசுகிறது. பார்வைத் தூரம் 6,000 மீட்டர். 2,000 அடியில் சிதறிய மேகம். வெப்பம் 33 பாகை, பனிநிலை 24. காற்றழுத்தம் 1004 ஹெக்டோபாஸ்கல். நோசிக் என்றால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

ஓடுபாதையின் பெயர் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறு முனையில் 25. இரண்டாவது ஓடுபாதை 12, 30. விமானம் காற்றை எதிர்த்து இறங்குவதே முறை. ஆகவே மேற்குக் காற்றில் 25-ஆம் ஓடுபாதை பொருந்தும். அந்த அறிக்கையை மட்டும் நம்பிப் புறப்படுபவர் 25-ஐக் கணினியில் பதிந்துவிடுவார். ஆனால் இறங்கும் நேரம் பிற்பகல் ஒன்றரை. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்து, காற்றைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். நோசிக் தந்த உறுதி பதினொன்றரை மணியோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. டாஃப் அறிக்கையில்தான் அந்த மாற்றம் இருக்கும்: பெக்மிங், அதாவது ‘படிப்படியாக மாறும்’ என்ற குறிப்புடன், உலகப் பொது நேரம் 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே 110 பாகையிலிருந்து 10 நாட் என்று எழுதியிருக்கும்.

காற்று அப்படித் திரும்பினால் கணக்கும் திரும்புகிறது. பக்கக்காற்றை மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 30 பாகை இருந்தால் காற்றின் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். 45 பாகை என்றால் பத்தில் ஏழு பங்கு. 60 பாகை என்றால் ஏறத்தாழ ஒன்பது பங்கு. 110 பாகைக் காற்றுக்கும் 07-ஆம் ஓடுபாதைக்கும் இடைவெளி 40 பாகை. பக்கக்காற்று ஆறு நாட்டைச் சற்றே தாண்டும். எதிர்க்காற்று எட்டு நாட்டை நெருங்கும். அதே காற்றில் 25-ஆம் ஓடுபாதைக்கு வந்தால் அந்த எட்டு நாட்டும் பின்காற்றாகிவிடும். பயணிகள் ஜெட் விமானங்கள் பலவற்றுக்குப் பின்காற்றின் வரம்பே 10 நாட்தான்.

இந்தக் கணக்கில் ஒரு சிறு பொறியும் இருக்கிறது. மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது. ஏடிஸும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் காந்த வடக்கை வைத்துச் சொல்கின்றன. சென்னையில் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. அமெரிக்காவின் சியாட்டிலில் அது 15 பாகையை ஒட்டியது. பக்கக்காற்றுக் கணக்கு அங்கே கணிசமாக மாறிவிடும்.

செய்தியைக் கையில் பெறும் வழிகள் பல. ஏடிஸ் அலைவரிசையை விமானத்தின் இரண்டாவது வானொலியில் வைத்துக் கேட்பது பழைய வழி. அந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. தரையில் நின்றுகொண்டு தொலைவிலுள்ள ஊரின் ஒலிபரப்பைக் கேட்க முடியாது. 30,000 அடியில்கூட அவற்றின் எல்லை 200 கடல்மைலைச் சற்றே தாண்டித்தான் இருக்கிறது. ஃபிளைபைவயர் குழுவின் இலவச ஏ320 போன்ற துணை விமானங்களில், விமானி அறைக் கணினித் திரையிலேயே மெட்டாரையும் ஏடிஸையும் எழுத்தாகக் கேட்டுப் பெறலாம். சிம்பிரீஃப் தயாரித்துத் தரும் பயணத் திட்டத்தில் புறப்படும் ஊர், இறங்கும் ஊர், மாற்று நிலையம் மூன்றின் வானிலையும் சேர்ந்தே வரும். ஆனால் அது திட்டம் தயாரித்த நேரத்தின் வானிலை.

மூலம் வேறுபடும்போது எழும் சிக்கல் இந்த இடத்தில்தான் வருகிறது. வெளியிலிருந்து எடுத்த மெட்டார் சென்னையில் உண்மையில் வீசும் காற்றைச் சொல்கிறது. சிமுலேட்டரின் வானமோ கணிப்பு மாதிரியிலிருந்து வந்திருக்கலாம், அல்லது சில மணி நேரம் பழைய அறிக்கையிலிருந்து வந்திருக்கலாம். கணினியில் இரவைப் பகலாக மாற்றி ஓட்டுபவருக்கு வெளிச்சம் பகலுக்கும் காற்று இரவுக்கும் உரியதாக அமையும். விமானத்தின் சிறகைத் தாங்குவது சிமுலேட்டர் ஊதும் காற்று. ஆகவே தனியாக ஓட்டும்போது சிமுலேட்டருக்குள் ஒலிக்கும் ஏடிஸும், விமானி அறைத் திரையில் தெரியும் காற்றளவும் வெளி அறிக்கையைவிட முதன்மை பெறும்.

இணையவழிப் பறத்தலில் நிலைமை வேறு. 2001 முதல் இயங்கும் வாட்சிம் வலைப்பின்னலில் கட்டுப்பாட்டாளர்களும் மனிதர்களே. அவர்கள் உண்மையான மெட்டாரைப் பார்த்து ஓடுபாதையை முடிவு செய்து ஏடிஸில் அறிவிப்பார்கள். உண்மையான நிலையத்தின் நடைமுறையும் அந்த முடிவில் சேரும். லண்டன் ஹீத்ரோவில் கிழக்கிலிருந்து 5 நாட் வரை மெல்லிய காற்று வீசினாலும், பகலில் விமானங்களை மேற்கு நோக்கியே இறக்கும் வழக்கம் உண்டு. காற்றை மட்டும் கணக்கிடும் சிமுலேட்டரின் தானியங்கிக் கட்டுப்பாட்டாளருக்கு அந்த வழக்கம் தெரியாது. எல்லாரும் ஒரே திசையில் இறங்குவது ஒழுங்கு என்பதால் வாட்சிமில் கட்டுப்பாட்டாளரின் சொல்லே பொது விதி. தம் கணினியில் வீசும் காற்று அதற்கு இடம் தராதபோது விமானி வேறு ஓடுபாதை கேட்கலாம். கட்டுப்பாட்டாளர் இல்லாத நேரத்தில் மெட்டாரைப் பார்த்துத் தாமே தேர்ந்து, 122.8 பொது அலைவரிசையில் அறிவித்துவிட்டு இறங்க வேண்டும்.

ஓடுபாதையின் விவரங்களுக்கும் வயது உண்டு. விமானத் துறையின் வரைபடத் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. பூமியின் காந்தப்புலம் மெல்ல நகர்வதால் ஓடுபாதையின் எண்ணே மாறிவிடுவதும் உண்டு. லண்டன் ஸ்டான்ஸ்டெட்டின் 05/23 ஓடுபாதை 2009-ல் 04/22 ஆனது. 2006-ல் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் பழைய எண்ணே இருக்கும். புதிய வரைபடத்தையும் பழைய நிலப்பரப்பையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒத்துப்போகாது.

காற்றழுத்தம் ஓர் எண்தான் என்று அலட்சியப்படுத்த முடியாது. தரைக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 28 அடிக்குச் சமம். உயரப் பறத்தலுக்கான 1013-லேயே உயரமானியை விட்டுவிட்டு, அழுத்தம் 1004 உள்ள சென்னைக்கு இறங்கினால், கருவி காட்டும் உயரத்தைவிட விமானம் சுமார் 250 அடி தாழ்வாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்களில் ‘பி’ விசையை அழுத்தினால் அழுத்தம் தானே பொருந்திவிடும். வசதிதான், ஆனால் எண்ணைக் காதால் கேட்டுக் கையால் திருப்பும் பழக்கம் அதனால் விட்டுப்போகிறது.

இந்தப் பயிற்சிக்கு எல்லைகளும் உண்டு. 2021 நவம்பர் முதல் உலக விமான நிலையங்கள் ஓடுபாதையின் ஈரநிலையை 6 முதல் 0 வரையிலான குறியீட்டால் அறிவிக்கின்றன. உலர்ந்த பாதைக்கு 6. சிமுலேட்டரின் ஏடிஸில் இதைக் கேட்பது அரிது. பராமரிப்புக்காக மூடிய ஓடுபாதையும் சிமுலேட்டரில் திறந்தே கிடக்கும். இந்த இடைவெளிகளை வீட்டு விமானி தாமே விதி வகுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் ஓடுபாதை ஈரம் என்று கொண்டு, நிற்கத் தேவையான தூரத்தைக் கூட்டிக் கணக்கிடுவது அவ்வகை விதி.

கடைசியாக வேண்டியது மாற்று ஏற்பாடு. சென்னையில் மேகம் தாழ்ந்தால் பெங்களூரா திருச்சியா என்பதும், அங்கே செல்ல எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதும் புறப்படும் முன்பே டாஃப் பார்த்து எழுதிவைக்க வேண்டியவை. இறங்கும்போது 1,000 அடியில் விமானி அறைத் திரையின் காற்று ஏடிஸ் சொன்னதோடு ஒத்திருந்தால் தரையிறங்கலாம். பின்காற்று வரம்பைத் தாண்டினால் மேலேறிச் சுற்றிவந்து எதிர்முனையைக் கேட்கலாம். மாற்று நிலையத்துக்கான எரிபொருளைத் தொடாமல் அந்தச் சுற்றை முடிக்க முடியாவிட்டால், எழுதிவைத்த அந்த நிலையத்துக்குத் திரும்ப வேண்டும்.