சான்று நின்ற கையொப்பம்



பழைய எபிரேயச் சமய நூலொன்றிலே புகழ்பெற்ற ரபி ஒருவரின் கையொப்பம் காணப்படுமாயின், அதன் விலை பன்மடங்கு உயரும். பெரும்பாலும் அக்கையொப்பம் நூலின் உடைமையாளர் இன்னார் என்பதையே அறிவிக்கும். ஆயின், நூலின் திருத்தத்திற்குச் சான்றாக இடப்பட்ட கையொப்பம் ஒன்றும் உண்டு.

ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபாவிலே பிறந்து, எகிப்திலே வாழ்ந்து, 1204ஆம் ஆண்டில் மறைந்தவர் ரபி மோசே பென் மைமோன். மேல்நாட்டார் இவரை மைமோனிடிஸ் என்பர். யூத சமயச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளாக வகுத்து 'மிஷ்னே தோரா' என்னும் பெருநூலை இவர் இயற்றினார். அச்சுப்பொறி தோன்றாத காலம் அது. ஒரு பிரதியைப் பார்த்து மற்றொன்று எழுதப்படுந்தோறும் பிழைகள் பெருகின. சட்டநூலில் நேரும் பிழையோ அதனைப் பின்பற்றுவோரின் ஒழுக்கத்திலும் பிழையாய் முடியும்.

இந்நூலின் முதலிரு பகுதிகள் அடங்கிய சுவடியொன்று ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூல்நிலையத்தில் உள்ளது. அலெப்போவில் ஆங்கில வணிகருக்குக் குருவாயிருந்த ரொபேட் ஹன்டிங்டன் திரட்டிய சுவடிகளை அந்நிலையம் 1693இல் வாங்கிற்று. அவற்றுள் இதுவும் ஒன்று. எழுதியவர் வேறொருவர். எனினும் இறுதியிலே, தம் சொந்தப் பிரதியோடு ஒப்பிட்டு இது திருத்தப்பட்டதென மைமோனிடிஸ் தம் கைப்படக் குறித்துக் கையொப்பமிட்டுள்ளார்.

அச்சான்று பிற்காலத்தே பெரிதும் பயன்பட்டது. தோராச் சுருளை எழுதும் முறையைக் கூறுமிடத்து, பென் ஆஷேர் என்பார் திருத்திய வேதச் சுவடியொன்றையே தாம் நம்பியதாக மைமோனிடிஸ் உரைக்கிறார். ஏறக்குறைய 930இல் திபேரியாவில் எழுதப்பெற்று, பின்னர் அலெப்போவில் பேணப்பட்ட சுவடி அதுதானா என்னும் ஐயம் அறிஞரிடையே நிலவியது. உபாகமத்திலுள்ள மோசேயின் பாட்டை 70 வரிகளில் எழுதவேண்டுமென்று மிஷ்னே தோராவின் வழக்கமான அச்சுப் பதிப்புக்கள் கூறின. அலெப்போச் சுவடியிலோ 67 வரிகளே உள்ளன. கையொப்பமிட்ட ஒக்ஸ்போர்ட் சுவடியை நோக்கின், அங்கும் 67 என்றே காணப்படுகிறது! 1960இல் கோஷன்-கொட்ஸ்டைன் என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டி, அலெப்போச் சுவடியே மைமோனிடிஸ் நம்பிய சுவடி என வாதிட்டார். 1947ஆம் ஆண்டுக் கலவரத்தில் அச்சுவடி பெரிதும் சிதைவுற்றபோதும், இப்பாட்டுள்ள ஏடு நற்பேறாகத் தப்பியிருந்தது.

ஆதலின், பழஞ்சுவடியொன்றிற் பெரியார் கையொப்பத்தைக் காணுமிடத்து, அஃது எவருடையது என வினவுவதோடு அமையாது, எதற்காக இடப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும்.