ஆராய்ச்சிக்குச் செல்லும் பௌதிக மாணவருக்கு



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. வீட்டுப் பிள்ளை பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்திருப்பான், அல்லது பெண் எம்.எஸ்ஸி. தேறியிருப்பாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். "அதற்குச் சென்னைக்குப் போக வேண்டுமா, பெங்களூருக்கா, அல்லது அமெரிக்காவுக்கே போக வேண்டுமா?" என்று தகப்பனார் கேட்கிறார். "இன்னும் ஆறு வருஷமா? அதற்குப் பிறகாவது வேலை உண்டா?" என்று தாயார் கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றிற்கு நாம் அறிந்த அளவில் விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். இயற்பியல் என்று இன்று வழங்கும் கலையையே நாம் பழைய பழக்கத்தால் பௌதிகம் என்கிறோம்.

முதற் கேள்வியை எடுத்துக் கொள்வோம். எங்கே போவது என்பதற்கு விடை தேடும்போது, நம்மைப் போலவே ஆந்திர நாட்டில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் நினைவு நமக்கு வருகிறது. சர் சி. வி. ராமன் 1888-ஆம் ஆண்டு திருவானைக்காவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியர் பணி ஏற்றமையால், அவர் பள்ளிப் படிப்பு அவ்வூரிலேயே நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து எம்.ஏ. பட்டம் பெற்ற பின், 1907-இல் நிதித் துறை உத்தியோகஸ்தராகக் கல்கத்தா சென்றார். அவர் சென்றது விஞ்ஞானத்திற்காக அன்று, சம்பளத்திற்காக. ஆனால் அந்நகரில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது; கருவிகள் இருந்தன; அவற்றைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. அலுவலகம் முடிந்த வேளைகளில் அங்கு சென்று ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உழைத்தார். 1917-இல் உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்ட ஒளிச்சிதறல், 1930-இல் நோபெல் பரிசை ஈட்டித் தந்தது.

இதில் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ராமன் ஊரின் பெயரைத் தேடிப் போகவில்லை. தாம் இருந்த ஊரில் கருவி எங்கே இருக்கிறது, அதைத் தொட யார் அனுமதிப்பார்கள் என்பதைத் தேடினார். ஆராய்ச்சிக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

அத்தகைய கருவி நம் வீட்டருகே உண்டா? திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் நேயர்கள் வழியிலே காதங்கி என்னும் சிற்றூரைக் கண்டிருக்கலாம். மலைகள் சூழ்ந்த அவ்விடத்தில் விண்வெளித் துறையின் ஆதரவில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. அங்கே ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் 1024 ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது கம்பி நட்ட தோட்டம் போலத் தோன்றும். உண்மையில் அது வானத்தை நோக்கி வைத்த ஒரு ராடார். 1990-களின் தொடக்கத்தில் அமைந்தது. நமக்கு மேலே உள்ள காற்று எத்திசையில், எவ்வேகத்தில் வீசுகிறது என்பதை அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம் வரை அளந்து கூறும். பகல் வேளைகளில் 65 முதல் 85 கிலோமீட்டர் வரை உள்ள உயர்ந்த மண்டலத்திலிருந்தும் எதிரொலி பெறும்.

இக்கருவி வேலை செய்யும் முறையைச் சற்று விளக்குவது பயனுடையதாகும், எம்.எஸ்ஸி. வகுப்பிலே படிக்கும் பாடம் எதற்கு என்பது அதனால் விளங்கும். ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலையை மேலே அனுப்புகிறது. அதன் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். காற்றிலே இயல்பாக எழும் கொந்தளிப்புகளில், இந்த நீளத்திற்குப் பாதியளவு உள்ளவை அலையில் மிகச் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. காற்று நம்மை நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால், திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாறுதல் ஏறத்தாழ 0.35 ஹெர்ட்ஸ் மட்டுமே. அனுப்பிய அலையோ நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிர்வது. அவ்வளவு பெரிய எண்ணிலே இவ்வளவு சிறிய வேற்றுமையைக் கண்டுபிடிக்க வேண்டும்; அதுவும் இரைச்சலின் நடுவே.

இதைச் செய்ய மின்காந்தவியல் வேண்டும். அலைகளைப் பிரித்தறியும் ஃபூரியே கணிதம் வேண்டும். அளவீட்டில் எவ்வளவு பிழை என்று சொல்லப் புள்ளியியல் வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் அதே பாடங்கள்தாம் இவை. ஆகவே எம்.எஸ்ஸி. மாணவருக்கு நாம் கூறும் முதல் யோசனை இது. மரபு இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகிய நான்கிலும் நாள்தோறும் இரண்டு கணக்குகளையேனும் தாமாகவே, விடையைப் பாராமல் போட்டுப் பழக வேண்டும். ஒரு கணக்கு மூன்று நாள் வராவிட்டாலும் கவலையில்லை. ஆராய்ச்சியில் மூன்று மாதம் வராத கணக்குகளே மிகுதி. அந்தப் பொறுமையை இப்போதே பழகிக் கொள்வது நல்லது.

காதங்கி ஒன்றே நம் பக்கத்தில் உள்ளது என்பதில்லை. திருவேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் 1954 முதல் திருப்பதியில் நடைபெற்று வருகிறது. பெண்களுக்கென அமைந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இல் தோன்றியது. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் 2015-இல் திருப்பதியில் தொடங்கி, இன்று ஏர்ப்பேட்டுப் பக்கத்தில் வளர்ந்துள்ளன. தெற்கே மாநில எல்லையைத் தாண்டினால், ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையம். அங்கு 1986 முதல் பணிபுரியும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, அதற்காகப் பாடுபட்டு 1982-இல் மறைந்த வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொலைவூர் செல்வது தவறு என்று நாம் சொல்லவில்லை. அருகில் இருப்பதை அறியாமல் செல்வதே தவறு. படிக்கும் காலத்திலேயே ஒரு கோடை விடுமுறையை ஆய்வுக்கூடம் ஒன்றில் கழிப்பது நல்லது. நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் இதற்கு உதவும். ஆராய்ச்சி தமக்கு உகந்ததா என்பதை அந்த இரண்டு மாதங்களில் ஓரளவு அறிந்து கொள்ளலாம்.

இனி, ஆராய்ச்சி வாழ்வின் மிகப் பெரிய முடிவுக்கு வருவோம். அது எந்த நிறுவனம் என்பதன்று. எந்த ஆசிரியர் என்பதே. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாம் எத்தனை பேரை விசாரிக்கிறோம்! ஐந்தாறு ஆண்டுக் காலம் ஒருவருடைய வழிகாட்டலில் இருக்கப் போகிற பிள்ளைக்கு ஒருவரையும் விசாரிப்பதில்லை. புகழையும் பெயர்ப் பலகையையும் பார்த்துச் சேர்ந்து, இடையிலே மனமுடைந்து திரும்பிய இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் அறிவுக் குறை இல்லை. விசாரணைக் குறையே இருந்தது.

விசாரிக்கும் முறையைச் சொல்கிறோம். 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த ஆசிரியரின் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளை அங்கே தேடிப் படிக்கலாம். அவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டறியலாம். பின்னர் நேரிற் சென்று, ஆசிரியர் இல்லாத வேளையில் மூத்த மாணவர்களோடு ஒரு பொழுது பேச வேண்டும். கருவி வேலை செய்கிறதா, பழுதுபட்டால் யார் சரிசெய்வார்கள், ஆசிரியர் வாரம் ஒருமுறையேனும் பேசுவாரா, ஊருக்குப் போக விடுப்பு உண்டா, கட்டுரையில் மாணவர் பெயர் முறையாக வருகிறதா என்று தயங்காமல் கேட்கலாம். பெண் மாணவியர், இரவு நேரத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் ஏற்பாட்டையும் கேட்டறிவது அவசியம். இவற்றைக் கேட்டதற்காகக் கோபிக்கும் ஆசிரியரிடம் சேராதிருப்பதே நலம்.

பொருள் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசின் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அத்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் ஆக உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப் படி தனி. பௌதிகத் தாள் 200 மதிப்பெண்களும் மூன்று மணி நேரமும் கொண்டது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். எனவே எல்லாக் கேள்விகளையும் தொட முயலாமல் தெரிந்தவற்றைத் திருத்தமாகச் செய்வதே வழி. கேட், ஜெஸ்ட் முதலிய தேர்வுகளும் பல நிறுவனங்களின் கதவைத் திறக்கும். தொகை சில வேளைகளில் மாதக் கணக்கில் தாமதமாக வருவதும் உண்டு. ஆகையால் மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக் கொள்வது விவேகம். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி டாக்டர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேற்படாத காலம். அந்த ஆறு ஆண்டுக் கணக்கை முதல் நாளிலேயே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் முன்போல் பணம் தடையாக இருப்பதில்லை. 1991-இல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தில் உலகத்துப் பௌதிகக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர்களின் விரிவுரைகளை 'என்.பி.டெல்.' வழியாகக் கேட்கலாம். இந்திய அறிவியல் அகாடமி 1996 முதல் வெளியிடும் 'ரெசொனன்ஸ்' இதழ் மாணவர்களுக்கெனவே எழுதப்படுவது. 2025 ஜனவரி முதல், 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தால் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க வழி ஏற்பட்டுள்ளது. தம் கல்லூரி நூலகரிடம் சென்று இதைக் கேட்டுப் பெறுவது மாணவரின் கடமை.

சேர்ந்த பின்னர் வேண்டுவது ஒரு குறிப்பேடு. அன்றன்று செய்த சோதனையையும் கண்ட அளவையும் தேதியிட்டு அதில் எழுத வேண்டும். தோற்ற சோதனையையும் எழுத வேண்டும். அதை முக்கியமாக எழுத வேண்டும். அடுத்த ஆண்டு அதே தவற்றில் மூன்று வாரம் இழக்காமல் காப்பது அந்தப் பக்கமே.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு; பாடப் புத்தகமும் தேர்வும் ஆங்கிலம். இதைக் குறையாக எண்ணிக் கூசுவோர் உண்டு. கூச வேண்டியதில்லை. தாம் செய்யும் ஆராய்ச்சியை வாரம் ஒருமுறை தாயாரிடம் தமிழிலும், தோழரிடம் தெலுங்கிலும் சொல்லிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் சொல் தடுமாறுகிறதோ, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அவருக்கே பொருள் விளங்காமல் இருக்கும். ஆங்கிலச் சொல்லொன்று மறைத்து வைத்திருந்த குழப்பத்தைத் தாய்மொழி வெளியே கொண்டு வந்துவிடும்.

கடைசியாகத் தாயார் கேட்ட கேள்வி: வேலை உண்டா? பேராசிரியர் பதவிகள் குறைவு, விரும்புவோர் பலர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் நுண்ணிய அளவீட்டைச் செய்யவும், பெருந்திரளான எண்களைக் கணிப்பொறியில் ஆராயவும், பழுதான கருவியைச் சீராக்கவும் கற்றவருக்கு மருத்துவக் கருவித் துறை, வானிலை, விண்வெளி, தொழிற்சாலை எனப் பல வாசல்கள் உண்டு. ஆகவே கணிப்பொறி மொழி ஒன்றையும், கைவேலை ஒன்றையும் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கற்றுக் கொள்ள வேண்டும். இடையிலே நிறுத்த நேர்ந்தாலும் அவை கைவிடா.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மூன்றாம் ஆண்டில் உங்கள் பிள்ளை மெலிந்து, பேச்சுக் குறைந்து வீட்டுக்கு வரக்கூடும். சோதனை ஒன்றும் பலிக்காத காலம் அது. "எப்போது முடியும்?" என்ற கேள்வியை அப்போது கேளாதீர்கள். "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேட்டுக் கொண்டிருங்கள். தொடர முடியாது என்று அவன் சொன்னால், அதையும் அவமானமாகக் கருதாமல் அவனோடு அமர்ந்து யோசியுங்கள். பட்டம் இரண்டு ஆண்டு தாமதமானால் ஈடுசெய்து கொள்ளலாம். பிள்ளையின் உடலும் மனமும் கெட்டால் ஈடுசெய்வது அரிது.

அடுத்த முறை சித்தூர் சாலையில் செல்லும்போது, காதங்கி அருகே சற்று நின்று அந்த மலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தலைக்கு மேலே 20 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை இங்கிருந்தே அளக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கத் தொடங்கும் பிள்ளைக்கு வழி அங்கிருந்தே தொடங்கலாம்.