இடம் சொல்லும் படம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திரேஸ்புரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

"படம் அனுப்புவது பாசம், அதுல என்னங்க ஆபத்து?" என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். பாசத்தை நான் தடுக்கவில்லை அம்மா. பாசத்தோட சேர்ந்து வீட்டு முகவரியும் போகுதே, அதைத்தான் சொல்ல வந்தேன்!

செல்போன் கேமராவில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுக்கிற படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் எல்லாம் பதிவாகிவிடும். பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. தேடுறவன் கண்ணுக்குத் தெரியும்.

2012 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ஜான் மெக்காஃபி, கம்ப்யூட்டர் வைரஸை ஒழிக்கும் மென்பொருளால் பேர் வாங்கிய பெரிய மனுஷர். ஒரு கொலை வழக்கில் விசாரிக்க பெலிஸ் நாட்டுப் போலீஸ் தேட, தலைமறைவானார். பேட்டி எடுத்த பத்திரிகை அவர் படத்தை வெளியிட்டது. படத்துக்குள் இருந்த எண்கள், "ஐயா குவாத்தமாலாவில் இருக்கார்" என்று காட்டிக்கொடுத்துவிட்டன! சில நாளில் அங்கேயே கைதானார். பாதுகாப்பை விற்றவருக்கே இந்தக் கதின்னா, நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு?

இந்த ஊருக்கு நான் சொல்லணுமா? கரையில் தெரிகிற கோபுரத்தையும் மரத்தையும் கணக்கு வைத்தே கடலுக்குள் இடம் பிடித்த மரபு உங்களுடையது. சங்குகுளிக்கிற அண்ணாச்சி சங்கைக் காட்டுவார்; எடுத்த இடத்தை மைக் போட்டா சொல்வார்? ஆனால் பேரன் படகிலேயே சங்கோடு படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினால், தாத்தா கட்டிக்காத்த ரகசியம் ஒரு விரல் தட்டலில் போச்சு!

ஜிபிஎஸ் மீனவருக்கு உயிர்த்துணை என்றார்கள். ஒத்துக்கறேன். புயலில் சிக்கினவர் கடலோரக் காவல்படைக்கு இடம் சொன்னால் உயிர் பிழைக்கலாம். தேவைப்படுறவங்களுக்குச் சொல்றது தகவல். ஊருக்கே சொல்றது தண்டோரா!

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த எண்கள் நீங்கிவிடும், உண்மைதான். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். அது கிடக்கட்டும், "குடும்பத்தோட கொடைக்கானல்ல இருக்கோம்"னு நாமே எழுதினா, அதை யார் நீக்குவது? "வீட்டில் ஆளில்லை"னு வாசலில் பலகை மாட்டுற மாதிரிதானே அது?

கேமராவில் இருப்பிடத்தை அணைத்து வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு படம் போடுங்கள். அனுப்பிவிட்டு அழிப்பது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. பிள்ளையின் சிரிப்பை உறவுக்குக் காட்டுங்கள். படிக்கிற பள்ளிக்கூடத்தை ஊருக்குக் காட்டாதீர்கள் என்று கேட்டு, நல்ல தீர்ப்பை நடுவரிடம் எதிர்பார்த்து அமர்கிறேன்.