டிவிக்குப் பின்னால் ஒரு வயர்



புது டிவி வாங்கப் போகிறீர்கள். பேரம் முடிந்து, தவணைக் கணக்கும் போட்டாயிற்று. பில் போடும் இடத்தில் விற்பனையாளர் மெதுவாக ஆரம்பிப்பார்: "சார், எச்டிஎம்ஐ கேபிள் எது போட்டுக்கிறீங்க? இவ்வளவு நல்ல டிவி வாங்கிட்டு சாதா கேபிள் போட்டா பிக்சர் எடுக்காது சார்." சொல்லும்போதே கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவார். உள்ளே நூல் பின்னல் போட்ட தடித்த வயர், இரண்டு முனையிலும் தங்க நிறம். விலை 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே நீளத்தில் 250 ரூபாய்க்கு ஒரு வயர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் லட்ச ரூபாய்க்குத் தலையாட்டிய பிறகு 3000 யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வருகிறது.

கூடுதலாகக் கொடுக்கும் அந்த 2750 ரூபாய்க்குத் திரையில் என்ன தெரியும் என்பதுதான் இன்றைய பேச்சு. ஒன்றரை, இரண்டு மீட்டர் வயர் என்றால் விடையை இப்போதே சொல்லிவிடலாம்: ஒன்றும் தெரியாது. நீளம் கூடினால் விடை மாறும். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

"நல்ல வயர் போட்டால் நல்ல படம்" என்ற நம்பிக்கை யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. மொட்டை மாடி ஆண்டெனாவிலிருந்து வயர் இறங்கிய காலத்தில் அது முழு உண்மை. டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் வைத்த வயர் வந்த காலத்திலும் உண்மைதான். அனலாக் முறையில் வயரில் ஓடும் மின்னழுத்தமே படம். அழுத்தம் கூடினால் வெளிச்சம், குறைந்தால் இருட்டு. வழியில் கொஞ்சம் குறைந்தால் படமும் அந்த அளவுக்கு வெளிறும். வெளியிலிருந்து இரைச்சல் புகுந்தால் திரையில் கோடு ஓடும், நிழல் விழும். வயருக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்த காலம் அது.

அந்த நம்பிக்கையை ஒரு பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்காவின் நோயல் லீ. லேசர் ஆராய்ச்சிக் கூடத்தில் பொறியாளராக இருந்தவர். 1970களின் இறுதியில் மான்ஸ்டர் கேபிள் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஸ்பீக்கருக்குத் தடித்த வயர் விற்றார். ஸ்பீக்கர் வயர் தடிமனாக இருந்தால் மின்தடை குறையும், அது நிஜம். அவர் கண்டுகொண்ட இன்னொரு நிஜம், கடைக்காரருக்குப் பெரிய பெட்டியில் லாபம் சொற்பம், வயரில் லாபம் கொழுத்தது என்பது. டிவியோடும் ஸ்டீரியோவோடும் சேர்த்து வயரை எப்படி விற்பது என்று கடைப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது அந்த நிறுவனம். இன்று நம் ஊர்க் கடையில் பில் போடும்போது காதில் விழும் வசனத்துக்கு அது ஒரு வகையில் பாட்டன்முறை.

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ வந்தது. ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா, தாம்சன், சிலிக்கான் இமேஜ் என்ற ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. படமும் ஒலியும் ஒரே வயரில், முழுக்க டிஜிட்டலாக. வயர் மாறிவிட்டது, வசனம் மட்டும் மாறவில்லை.

டிஜிட்டலில் வயருக்குள் போவது படம் அல்ல, எண்கள். ஃபுல் எச்டி திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதற்கு மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, அதாவது எட்டு பிட். இதை நொடிக்கு 60 முறை அனுப்பவேண்டும். கூடவே போகும் மற்ற சமாச்சாரங்களையும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 445 கோடி பிட் ஆகிறது. 4கே படம் என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு, ஆகவே சுமார் 1780 கோடி பிட். மிரளவைக்கும் எண்ணிக்கைதான். ஆனால் மறுமுனையில் டிவி ஒவ்வொரு பிட்டிடமும் கேட்பது ஒரே கேள்வி: நீ ஒன்றா, பூஜ்ஜியமா? வயர் கொஞ்சம் மங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தாலும், எது ஒன்று எது பூஜ்ஜியம் என்று டிவிக்குப் புரிந்துவிட்டால் போதும். அனுப்பிய எண் அப்படியே வந்து சேர்ந்துவிடும். 250 ரூபாய் வயரிலும் அதே எண், 3000 ரூபாய் வயரிலும் அதே எண்.

புரியாமல் போனால்? அப்போதும் படம் வெளிறாது. இதைக் கவனிக்கவேண்டும். 200 என்று போகவேண்டிய எண்ணில் பெரிய மதிப்புள்ள பிட் ஒன்று தவறினால் அது 72 ஆகிவிடும். அந்த ஒரு புள்ளி மட்டும் பொருந்தாத நிறத்தில் மின்னும். அப்படிப் பல தவறினால் திரையெங்கும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் பளிச் பளிச்சென்று தெறிக்கும். இன்னும் மோசமானால் படம் விட்டு விட்டு வரும், கடைசியில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வரும். வயர் கெட்டால் நடப்பது இதுதான். முகங்கள் மங்கலாகத் தெரிவதும், கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் வயரின் குற்றம் அல்ல. அதற்குக் காரணம் டிவியிலோ, செட்டாப் பாக்ஸிலோ, ஒளிபரப்பிலோ இருக்கிறது.

வயர் வரும் பெட்டியின் அட்டையில் "ஆழமான கறுப்பு, உயிருள்ள நிறங்கள், கூடுதல் கூர்மை" என்று போட்டிருந்தால் அதை நம்பாமல் இருக்க இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. காசு கொடுத்துப் பார்க்கும் படங்கள் இந்த வயரில் திறந்தபடி போவதே இல்லை. திருட்டுப் பதிவைத் தடுக்க எச்டிசிபி என்ற பூட்டு இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் போன்ற பெட்டியும் டிவியும் முதலில் தங்களுக்குள் ஒரு சாவியைப் பேசிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு பிட்டும் அந்தச் சாவியால் கலைக்கப்பட்டுத்தான் வயரில் ஏறுகிறது. வழியில் எட்டிப் பார்த்தால் தெரிவது அர்த்தமில்லாத எண்களின் ஓட்டம் மட்டும். எது கதாநாயகியின் சேலைச் சிவப்பு, எது பின்னணி இருட்டு என்று வயருக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாத சிவப்பை அது எப்படி இன்னும் சிவப்பாக்கும்? ஒட்டிய உறையைத் தபால்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாலும் உள்ளே இருக்கும் கையெழுத்து அழகாகிவிடாது.

அந்தத் தங்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கம் செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெள்ளி முதலிடம், செம்பு அடுத்தது, அதற்கும் பிறகுதான் தங்கம். முனையில் தங்கம் பூசுவது களிம்பு ஏறாமல் இருக்க. கடற்காற்று அடிக்கும் சென்னை, தூத்துக்குடி வீடுகளில் அதற்குப் பயன் உண்டுதான். ஆனால் அது மிக மெல்லிய பூச்சு. மலிவான வயர்களிலும் சாதாரணமாக அது இருக்கும்.

அப்படியானால் எல்லா வயரும் ஒன்றா? இல்லை. இங்கேதான் விடை மாறுகிறது.

எச்டிஎம்ஐ வயருக்குள் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஜோடியும் முனைக்கு முனை ஒரே சீராக, 100 ஓம் என்ற மின்மறுப்பு மாறாமல் இருக்கவேண்டும். முறுக்கு ஓரிடத்தில் தளர்ந்தாலோ, வயரை மடக்கி நசுக்கினாலோ அந்த இடத்தில் சிக்னல் கொஞ்சம் திரும்பி அடிக்கும். வேகம் கூடக் கூட, நீளம் கூடக் கூட செம்பு சிக்னலை விழுங்கும். இரண்டு மீட்டரில் இந்தத் தொல்லை அநேகமாகத் தெரியாது. 4கே படத்தைப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் புரொஜெக்டருக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் சாதாரண செம்பு வயர் திணறும். அங்கே சிப் வைத்து சிக்னலைத் தூக்கிவிடும் ஆக்டிவ் வயர் வேண்டும், அல்லது ஒளி இழையில் கொண்டுபோகும் ஃபைபர் எச்டிஎம்ஐ வயர் வேண்டும். விலை சில ஆயிரம் ஆகும். அந்தக் காசு நியாயமான காசு.

அடுத்தது வேகம். வயர்களுக்கு அதிகாரபூர்வமான வகைப் பெயர்கள் இருக்கின்றன. "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்பது நொடிக்கு 1800 கோடி பிட் தாங்கும் என்று சோதித்த வயர். 4கே படம் 60 ஃபிரேமில் ஓட அது போதும். "அல்ட்ரா ஹை ஸ்பீடு" என்பது 4800 கோடி பிட். 2017ல் வந்த எச்டிஎம்ஐ 2.1க்காக உருவானது. 4கேயில் 120 ஃபிரேம் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இது தேவை. பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் அந்த வயர் பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதைப் பிரிக்காமலேயே கடைக்குப் போகிறார்கள். இந்த இரண்டு வகைக்கும் அட்டையில் சான்று லேபிள் ஒட்டியிருக்கும். அதில் உள்ள க்யூஆர் கட்டத்தை அதற்கான போன் செயலியால் ஸ்கேன் செய்து அசலா என்று பார்க்கலாம். சான்று பெற்ற குட்டை வயர் ஒன்றும் 3000 ரூபாய் ஆகாது. மாறாக, "240 ஹெர்ட்ஸ் டிவிக்கான கேபிள்" என்றெல்லாம் விற்றார்களே, அது வேடிக்கை. அந்த டிவிகள் கூடுதல் ஃபிரேம்களைத் தாங்களே உள்ளே தயாரித்துக்கொண்டன, வயரில் அவை வரவே இல்லை.

இன்னொன்று, பல வீடுகளில் இந்தக் கேள்வியே எழவேண்டியதில்லை. ஸ்மார்ட் டிவியிலேயே செயலியைத் திறந்து படம் பார்க்கிறீர்கள் என்றால், படம் வைஃபையில் வந்து டிவிக்குள்ளேயே பிரிகிறது. எச்டிஎம்ஐ வயரை அது தொடுவதே இல்லை. வயரில் வருவது செட்டாப் பாக்ஸ் சேனல்கள் மட்டும். அவை பெரும்பாலும் எச்டியோ அதற்கும் கீழோதான். அந்த வேலைக்குச் செட்டாப் பாக்ஸோடு கொடுத்த வயரே போதும்.

படம் சரியில்லை என்று தோன்றினால் காசு செலவில்லாமல் இரண்டு காரியம் செய்யலாம். டிவி பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் "விவிட்" போன்ற முறையில் இருக்கும். அதை "மூவி" அல்லது "சினிமா" முறைக்கு மாற்றிப் பாருங்கள். எந்த வயரும் தராத மாற்றம் தெரியும். அடுத்து, எச்டிஎம்ஐ இணைப்புக்கென்று டிவி அமைப்பில் "என்ஹான்ஸ்டு" என்றோ "டீப் கலர்" என்றோ ஒரு விருப்பம் இருக்கும். பல டிவிகளில் அது அணைந்தே வருகிறது. அது அணைந்திருந்தால் 4கே பெட்டி தன் முழுத் தரத்தை அனுப்பவே முடியாது. பழி வயர் மேல் விழும்.

கடைசியாக, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. சுவருக்குள் போகும் வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். வயரை நேரடியாகப் பூசிவிடாமல், முனை தாராளமாக நுழையும் அகலத்தில் பைப் போடச் சொல்லுங்கள், திருப்பங்களில் அகலமாக வளைக்கச் சொல்லுங்கள். இழுப்பதற்கு உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பத்து வருடத்தில் வேறு வயர் வந்துவிடும். இப்போதே 9600 கோடி பிட் வகை அறிவிக்கப்பட்டாயிற்று. வயரை உள்ளே விடுவதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் செருகி, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். ஃபைபர் வயருக்கும் ஆக்டிவ் வயருக்கும் திசை உண்டு. பெட்டிக்கு ஒரு முனை, டிவிக்கு ஒரு முனை என்று அதிலேயே எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. டிவி என்று எழுதிய முனை டிவி பக்கம்தான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.