பால் கணக்கு நோட்டில் எழுதிய நோய்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினோம். ஆயினும், நம் காலனிக் குடும்பங்கள் அனைத்தும் ஒருங்கே கூடுவது இந்த ஒரு நாளில்தான். எங்கள் மருமகளும், “சொல்லுங்கள், இன்னொருவருக்குப் பயன்படட்டும்” என்று இசைவு தந்தாள். ஆகவே துணிந்தோம்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து மணமுடித்து இந்நகர் வந்தபோது அவளுக்கு வயது 24. ஒற்றைத் தலைவலி முன்னரே உண்டு. கண்முன் ஒளிக்கோடுகள் வளைந்து மின்னும், அரைமணியில் அவை மறையும், பின்னர் ஒரு பக்கம் தெறிக்கும், குமட்டும். இருட்டறையில் படுத்தெழுந்தால் மறுநாள் தீர்ந்துவிடும். மைக்ரேன் என்றார் மருத்துவர். அது பிழையன்று.

அவ்வாண்டே அவளுடைய இடக்கால் இரண்டு வாரம் மரத்துக் கிடந்தது. கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடுவது போலிருக்கிறது என்றாள். அவளுக்கு இந்தி தெரியாது. மருத்துவரிடம் பேசியவர்கள் நாங்கள். அவள் பத்து வாக்கியம் சொன்னாள். நாங்கள் அவற்றைச் சுருக்கி, ‘தர்த்’ என்று ஒரே சொல்லில் முடித்தோம். வலி என்று கேட்ட மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து, பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார்.

மறு கோடையில் வலக்கண் மங்கிற்று. கண்ணை அசைத்தால் வலித்தது. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் சாயம் போனதாகத் தோன்றிற்று. பத்து நாளாயிற்று. “மாமா, தலைவலிக்கு இத்தனை நாள் ஆயுள் உண்டா?” என்று கேட்டாள். “மருத்துவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?” என்று அடக்கினோம். அவள் அதன் பின் எங்களைக் கேட்கவில்லை. பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் நாளையும் குறியையும் எழுதி வைத்தாள்.

மூன்றாம் ஆண்டு நடை தள்ளாடியபோதுதான் அந்நோட்டைக் கண்டோம். நரம்பியல் வல்லுநர் ஒருவரிடம் அதை வரி விடாமல் மொழிபெயர்த்துப் படித்தோம். எம்.ஆர்.ஐ. படமும், முதுகுத்தண்டு நீர்ச் சோதனையும் செய்தார். மைக்ரேனும் உண்மை, அதனுடன் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோயும் உண்மை என்றார்.

நரம்புக்கு மின்கம்பியின் மேலுறை போன்றதோர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் அவ்வுறையை அரிப்பதே இந்நோய். பாரிஸ் நகரத்து மருத்துவ மேதை ஷார்கோ 1868-இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தோன்றும், பெண்களுக்கே மிகுதி.

இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் முதன்மையானது காலம். மைக்ரேனுக்கு முன்வரும் கண் மின்னலும் மரமரப்பும் பொதுவாக 5 நிமிடம் முதல் ஒரு மணிக்குள் அடங்கும். தண்டுவட மரப்பின் தாக்குதலோ 24 மணி நேரத்துக்குக் குறையாது; நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீளும். தானே தணியும், தணிந்ததும் நாம் மறந்துவிடுவோம். வெயிலிலும் வெந்நீர்க் குளியலிலும் பழைய குறிகள் மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

இதைக் கேட்டுத் தலைவலியுள்ள ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டா. மைக்ரேன் மிகப் பரவலானது, மற்றது அரிது. மைக்ரேன் உள்ளவர் மூளைப் படத்திலும் வெண்புள்ளிகள் தோன்றலாம். அவற்றை மட்டும் கண்டு தவறாக இந்நோயெனப் பெயரிடப்பட்டவர்களும் உளர். நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்கியதற்குச் சான்று தேடும் மெக்டொனால்டு விதிகளை 2001-இல் வகுத்தனர். பின்னரும் திருத்தி வருகின்றனர். முடிவு கூறுவது மருத்துவர் பணி. வினவுவதும், உள்ளதை உள்ளபடி உரைப்பதும் நம் பணி.

முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் 1993 முதல், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்துள்ளன. விரைவில் தொடங்குவது நன்று. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

மருத்துவத்தை வகுத்த வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருப்பவரையும் நான்காம் உறுப்பாக வைத்தார். அந்த நான்காம் இடத்தில் நாங்கள் மூன்றாண்டுகள் தவறினோம். ஐயுறுவது மருத்துவரை அவமதிப்பதாகும் என்று எண்ணினோம். எங்கள் வீட்டுப் பெண்ணின் சொல்லை ஐயுற்றது மட்டும் எங்களுக்குப் பிழையாகத் தோன்றவில்லை.

இன்று அவள் மருந்தின் துணையுடன் நடமாடுகிறாள். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறாள். அவள் வலக்கண்ணில் சிவப்பு இன்னும் சற்று மங்கலாகவே இருக்கிறது. உங்கள் இல்லத்தில் ஒருவர் பத்து வாக்கியம் சொன்னால், பத்தையும் மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பீர்களாக.